‘இடோ’ என்றால் பிள்ளை! உலகப் பொதுமொழிக்கு உழைத்த லூயி கூத்துரா

1914-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ந் தேதி.

பிரான்சு நாடு முழுவதும் பரபரப்பாக இருந்தது. அன்றுதான் ஜெர்மனி, பிரான்சு மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. ஊர் ஊராக இளைஞர்களைப் படையில் சேர அழைத்துக்கொண்டிருந்தார்கள். படை திரட்டும் உத்தரவுகளை எடுத்துக்கொண்டு மோட்டார் கார்கள் நாலா பக்கமும் விரைந்தன.

அப்படிச் சென்ற கார் ஒன்று, சாலையில் ஒரு வண்டியோடு மோதியது. வண்டியில் இருந்தவர் மாண்டார். அவருக்கு வயது 46.

அவர் படை வீரர் அல்ல. அரசியல்வாதியும் அல்ல. ஒரு பேராசிரியர். போரே கூடாது என்று சொல்லி வந்தவர். உலக மக்கள் எல்லோரும் ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகப் பதினான்கு ஆண்டுகள் பாடுபட்டவர். அவருடைய உயிரை, போருக்கு ஆள் திரட்டும் காரே பறித்துவிட்டது!

அவர் பெயர் லூயி கூத்துரா.

அவருடைய வாழ்க்கை ஒரு சிறிய சொல்லோடு பின்னிக் கிடக்கிறது. அந்தச் சொல் ‘இடோ’. இரண்டே எழுத்துள்ள சொல். அது எங்கே பிறந்தது, எப்படி ஒரு மொழிக்கே பெயர் ஆனது, எத்தனை நண்பர்களைப் பிரித்தது என்பதைப் பார்ப்போம்.

கணக்கும் தத்துவமும்

கூத்துரா 1868-ம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ந் தேதி பிறந்தார். பாரீஸ் நகருக்குத் தெற்கே உள்ள ரிஸ்-ஒராஞ்சிஸ் அவருடைய ஊர்.

படிப்பில் அவர் புலி. பிரான்சில் மிகச் சிறந்த மாணவர்களுக்கு மட்டுமே இடம் கிடைக்கும் எக்கோல் நார்மால் கல்லூரியில் அவர் சேர்ந்தார். தத்துவம் படித்தார். கணிதமும் படித்தார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் அவருக்கு ஆசை. மனிதன் சரியாகச் சிந்திப்பது எப்படி? கணக்குப் போடுவதுபோல் தவறில்லாமல் சிந்திக்க முடியுமா? இதுவே அவர் கேள்வி.

துலூஸ் நகரிலும், பிறகு கான் நகரிலும் அவர் பேராசிரியராக இருந்தார். ஆங்கில அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸலோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ரஸ்ஸலின் கருத்துக்களைப் பிரெஞ்சு மக்களுக்கு விளக்கி எழுதினார்.

பழைய காகிதங்களில் ஒரு கனவு

1900-ம் ஆண்டு வாக்கில் கூத்துரா ஜெர்மனியில் உள்ள ஹானோவர் நகருக்குச் சென்றார். அங்கே உள்ள நூல் நிலையத்தில் லைப்னிட்ஸ் என்ற மாமேதை எழுதி வைத்த காகிதங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. லைப்னிட்ஸ் 1716-ம் ஆண்டில் இறந்துபோனவர். அவர் எழுதியவற்றில் பெரும் பகுதி அச்சேறவே இல்லை.

கூத்துரா உட்கார்ந்து அவற்றைப் படித்தார். படிக்கப் படிக்க வியந்தார். அறிவுள்ள மனிதர் அனைவருக்கும் பொதுவான ஒரு மொழியை உண்டாக்க வேண்டும் என்று லைப்னிட்ஸ் கனவு கண்டிருந்தார். அந்த மொழியில் சொற்கள் எண்களைப்போல் இருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சண்டை வராது. சந்தேகம் வந்தால் கணக்குப் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது லைப்னிட்ஸின் எண்ணம்.

அந்தக் காகிதங்களைக் கூத்துரா 1903-ம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வெளியிட்டதோடு நிற்கவில்லை. லைப்னிட்ஸ் கண்ட கனவை நாம் ஏன் நனவாக்கக் கூடாது என்று எண்ணினார்.

அதற்குக் காலமும் இடம் கொடுத்தது. 1900-ம் ஆண்டில் பாரீஸ் நகரில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. அதையொட்டிப் பல நாட்டு அறிஞர்களின் மாநாடுகளும் நடந்தன. ஒருவர் ஜெர்மன் மொழியில் பேசினார். இன்னொருவர் ஆங்கிலத்தில் பேசினார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு துணை மொழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

1901-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி ஒரு குழு தொடங்கப்பட்டது. பொதுமொழி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அதன் வேலை. கூத்துராவும், அவர் நண்பர் லியோபோல்டு லோ என்ற கணிதப் பேராசிரியரும் அதன் செயலாளர்கள். அன்று கூத்துராவின் பிறந்த நாள்!

நம்புகிறவர் எழுதிய மொழி

பொதுமொழி வேண்டும் என்றால் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டுமா? தேவை இல்லை. ஏற்கனவே பலர் உண்டாக்கி வைத்திருந்தார்கள். அவற்றில் முதன்மையானது எஸ்பெராண்டோ.

எஸ்பெராண்டோவை உண்டாக்கியவர் டாக்டர் ஸாமென்ஹாப். கண் வைத்தியர். பியாலிஸ்டாக் என்ற ஊரில் பிறந்த யூதர். அந்த ஊரில் ரஷியர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என்று நான்கு வகை மக்கள் வாழ்ந்தார்கள். நான்கு பேச்சு, ஓயாத பகை. பேச்சு ஒன்றானால் பகை குறையும் என்று சிறு வயதிலேயே அவர் நினைத்தார்.

1887-ம் ஆண்டில் வார்சா நகரில் அவர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அதில் தன் பெயரைப் போடவில்லை. ‘டாக்டர் எஸ்பெராண்டோ’ என்று புனைபெயர் போட்டுக்கொண்டார். அந்த மொழியில் ‘எஸ்பெராண்டோ’ என்றால் நம்பிக்கையோடு இருப்பவர் என்று பொருள். நாளடைவில் அந்தப் புனைபெயரே மொழிக்கும் பெயர் ஆகிவிட்டது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே போல் இன்னொன்றும் நடக்கப் போகிறது.

எஸ்பெராண்டோ மிகவும் எளிது. இலக்கண விதிகள் பதினாறுதான். ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கற்றார்கள். ஆனால் சிலர் குறைகளும் சொன்னார்கள். தலையில் குறி போட்ட ஆறு எழுத்துக்கள் அதில் உண்டு. சாதாரண அச்சகங்களில் அந்த எழுத்துக்கள் கிடைப்பதில்லை. வேறு சில குறைகளும் இருந்தன.

போன வழியே திரும்ப வேண்டும்

கூத்துரா கண்ட குறை வேறு மாதிரியானது. அது கணக்கறிந்தவர் கண்ட குறை.

ஓர் உதாரணம் பார்ப்போம். எஸ்பெராண்டோவில் ‘க்ரோனோ’ என்றால் கிரீடம். அதன் கடைசி எழுத்தை மாற்றி ‘க்ரோனி’ என்றால் முடிசூட்டுதல் என்ற வினை ஆகிவிடும். சரி, இப்போது அந்த வினையை மறுபடி பெயர்ச்சொல் ஆக்குங்கள். என்ன வர வேண்டும்? முடிசூட்டு விழா என்ற பொருள் வர வேண்டும். ஆனால் வருவதோ பழைய ‘க்ரோனோ’. அதாவது கிரீடம்! கிரீடமும், அதைச் சூட்டுகிற செயலும் ஒன்றா?

இது கூடாது என்றார் கூத்துரா. ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்குப் போனால், போன வழியே திரும்பி வரவும் முடிய வேண்டும். இதுவே அவர் வகுத்த விதி. 1907-ம் ஆண்டில் இதைப்பற்றி அவர் ஒரு நூலே எழுதினார்.

பின்னர் இடோ மொழியில் இந்த விதிப்படிதான் சொற்கள் அமைந்தன. கிரீடம் ‘க்ரோனோ’; முடிசூட்டுவது ‘க்ரோனிஸார்’; முடிசூட்டல் ‘க்ரோனிஸோ’. மூன்றுக்கும் மூன்று சொற்கள். குழப்பம் இல்லை.

பெயர் இல்லாமல் வந்த திட்டம்

கூத்துராவின் குழுவுக்கு ஆதரவு பெருகியது. 310 சங்கங்களும், சுமார் 1250 கல்லூரி அறிஞர்களும் கையெழுத்திட்டார்கள். முதலில், பல நாட்டு அறிஞர் கழகங்களின் கூட்டமைப்பிடம் போய், நீங்களே ஒரு மொழியைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆகவே தாங்களே ஒரு கமிட்டி அமைத்தார்கள்.

1907-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பாரீசில் கமிட்டி கூடியது. பிறகு நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் ரசாயன அறிஞர் ஆஸ்ட்வால்டு தலைமை வகித்தார். டென்மார்க்கின் பெரிய மொழி அறிஞர் ஒட்டோ யெஸ்பர்ஸனும் வந்திருந்தார். 18 கூட்டங்கள் நடந்தன.

ஸாமென்ஹாப் நேரில் வரவில்லை. எஸ்பெராண்டோவுக்காகப் பேச, தன் சார்பில் டி போபிரான் என்பவரை அனுப்பினார். பிரான்சில் எஸ்பெராண்டோவைப் பரப்பியவர்களில் முதல்வர் அவர். அவரைவிட நம்பிக்கையான ஆள் கிடைப்பாரா?

கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு புதிய திட்டம் கமிட்டியின் முன் வந்தது. எஸ்பெராண்டோவைத் திருத்தி அமைத்த திட்டம் அது. தலைக்குறி எழுத்துக்கள் இல்லை. கூத்துரா சொன்ன விதிகள் அதில் இருந்தன. எழுதியவர் யார் என்று தெரியவில்லை. அடியில் ஒரே ஒரு புனைபெயர் இருந்தது.

அதுதான் ‘இடோ’!

சொல் வந்த வழி

‘இடோ’ என்றால் என்ன? எங்கிருந்து வந்தது?

பழைய கிரேக்க நாட்டில் ஒருவனை அவன் தந்தை பெயரால் அழைக்கும் வழக்கம் உண்டு. அத்ரியூஸ் என்ற அரசனின் மகனை ‘அத்ரெய்டேஸ்’ என்பார்கள். கடைசியில் வரும் ‘இடேஸ்’ என்பதற்கு இன்னாருடைய மகன், இன்னார் வழியில் வந்தவன் என்று பொருள். கிரேக்கரிடமிருந்து அந்த ஒட்டு லத்தீன் மொழிக்குப் போனது.

ஸாமென்ஹாப் அதை எடுத்து ‘இட்’ என்று சுருக்கினார். பெயர்களின் பின்னால் ஒட்டினார். மாடு ‘போவோ’, கன்று ‘போவிடோ’. பூனை ‘காட்டோ’, பூனைக்குட்டி ‘காட்டிடோ’. சேவல் ‘கோக்கோ’; குஞ்சு ‘கோக்கிடோ’. தமிழில் கன்று, குட்டி, குஞ்சு என்று தனித்தனியே சொல்கிறோம். எஸ்பெராண்டோவில் எல்லாவற்றுக்கும் ஒரே ஒட்டுப் போதும். அந்த ஒட்டைத் தனியாக நிறுத்தினால் ‘இடோ’. அதாவது பிள்ளை, வழித்தோன்றல்.

ஆக, புதிய திட்டத்தை எழுதியவர் தன் பெயரை மறைத்தாலும் தன் எண்ணத்தை மறைக்கவில்லை. இது எஸ்பெராண்டோ பெற்ற பிள்ளை. தாயை அழிக்க வந்ததல்ல, தாயின் வழியில் வந்தது. இதுதான் அந்தப் பெயரின் கருத்து.

சொல் அதோடு நிற்கவில்லை. பின்னால் இடோ மொழியில் அதன் பொருள் இன்னும் கூர்மை ஆயிற்று. வழித்தோன்றல் வேறு, குட்டி வேறு அல்லவா? எண்பது வயதுக் கிழவரும் தன் பாட்டனாருக்கு வழித்தோன்றல்தான். அவரைக் குட்டி என்று சொல்ல முடியுமா? எனவே வம்சத்தைக் குறிக்க மட்டும் ‘இட்’ என்பதை வைத்துக்கொண்டார்கள். குட்டிக்கும் குஞ்சுக்கும் இளமை என்ற பொருள் தரும் ‘யுன்’ என்ற ஒட்டு வந்தது. கன்று, இடோவில் ‘போவ்யுனோ’.

உறை மாறிய கடிதம்

கமிட்டி முடிவு சொன்னது. எஸ்பெராண்டோவை அடிப்படையில் ஏற்கலாம். ஆனால் செயலாளர்களின் அறிக்கையும் இடோவின் திட்டமும் காட்டும் வழியில் அதைத் திருத்த வேண்டும். எஸ்பெராண்டோ மக்களோடு கலந்து பேசி இதைச் செய்ய வேண்டும்.

ஸாமென்ஹாப் சம்மதிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எஸ்பெராண்டோவுக்கு முன்னால் ‘வோலப்யூக்’ என்று ஒரு பொதுமொழி இருந்தது. திருத்தம், திருத்தம் என்று சண்டை போட்டே அது அழிந்தது. 1894-ம் ஆண்டில் ஸாமென்ஹாப் தானே சில திருத்தங்களைச் சொன்னபோது, எஸ்பெராண்டோ மக்கள் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். கற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது மொழியை மாற்றினால் வீடு இடிந்துவிடும் என்று அவர் அஞ்சினார். 1908-ம் ஆண்டு ஜனவரியில் அவர் உறவை முறித்துக்கொண்டார்.

அப்போதும் ‘இடோ’ யார் என்பது வெளிவரவில்லை. வெளிவந்தது ஒரு கவனக் குறைவால்!

கூத்துரா ஒரு நாள் டி போபிரானுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது தவறிப்போய் யெஸ்பர்ஸனுக்குச் சென்றுவிட்டது. யெஸ்பர்ஸன் படித்தார். திடுக்கிட்டார். எஸ்பெராண்டோவுக்காக வாதாட வந்த டி போபிரானே ‘இடோ’ என்பது அதிலிருந்து தெரிந்தது!

யெஸ்பர்ஸன் நேர்மையானவர். உண்மையை ஊருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றார். 1908-ம் ஆண்டில் டி போபிரான், நான்தான் இடோ என்று அறிவித்தார்.

எஸ்பெராண்டோ மக்கள் கொதித்தார்கள். துரோகம் என்றார்கள். டி போபிரான் பெயர்தான் இருக்கிறது, உண்மையில் எழுதியவர் கூத்துராவே என்று பலர் சொன்னார்கள். இன்றும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்கு தீரவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். அந்த ரகசியம் கூத்துராவுக்குத் தெரியும். கமிட்டியில் உட்கார்ந்திருந்த மற்ற அறிஞர்களுக்கு அதை அவர் சொல்லவில்லை. எதிலும் தெளிவு வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர், இந்த ஒரு விஷயத்தில் இருட்டை அனுமதித்தார்.

எஸ்பெராண்டோ என்ற பெயரை இனிப் பயன்படுத்த முடியாது. புதிய மொழிக்கு ஒரு பெயர் வேண்டும். நாளடைவில் திட்டத்தின் புனைபெயரே நிலைத்தது. எஸ்பெராண்டோவும் புனைபெயர். இடோவும் புனைபெயர். தாயைப்போலப் பிள்ளை!

சொல்லுக்குச் சொல் விசாரணை

1908-ம் ஆண்டில் கூத்துரா ‘ப்ரோக்ரெஸோ’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். முன்னேற்றம் என்று பொருள். அதற்காகத் தன் தத்துவ ஆராய்ச்சியை எல்லாம் மூட்டை கட்டி வைத்தார். ஏழு ஆண்டுகள் அதுவே அவர் உலகம்.

பத்திரிகையில் ஒவ்வொரு சொல்லாக விசாரணை நடந்தது. இந்தப் பொருளுக்கு எந்தச் சொல் சிறந்தது? ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஸ்பானிஷ், ரஷியன் ஆகிய ஆறு மொழிகளையும் பார்ப்பார்கள். எந்த வேர் அதிக மக்களுக்குத் தெரியுமோ, அது வெல்லும். மிகுதியான மக்களுக்கு எது எளிதோ, அதுவே நல்ல பொதுமொழி என்பது யெஸ்பர்ஸன் வகுத்த நெறி. பிற்காலத்தில் 1924-ம் ஆண்டில் டையர் என்பவர் வெளியிட்ட இடோ அகராதியில், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது எந்தெந்த மொழிகளில் உண்டு என்று எழுத்துக் குறி போட்டிருக்கும். சொல்லின் ஜாதகம்போல!

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்பெராண்டோவில் ‘லெர்னேயோ’. கற்கும் இடம் என்று சேர்த்துக் கட்டிய சொல். இடோவில் ‘ஸ்கோலோ’. ஆங்கிலத்தில் ஸ்கூல், ஜெர்மனில் ஷூலே, பிரெஞ்சில் எக்கோல், இத்தாலியில் ஸ்கூவோலா, ஸ்பானிஷில் எஸ்குவேலா, ரஷியனில் ஷ்கோலா. ஆறு மொழியிலும் ஒரே வேர். அந்த வேர் எது தெரியுமா? ‘ஸ்கோலே’ என்ற கிரேக்கச் சொல். அதற்கு ஓய்வு நேரம் என்று பொருள்! வேலை முடிந்து ஓய்ந்திருக்கும் நேரத்தில் அறிஞர்கள் கூடிப் பேசினார்கள். பேச்சு படிப்பு ஆயிற்று. படிப்பு பள்ளி ஆயிற்று. பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

கூத்துராவின் கணக்கில் ஒரு குறை உண்டு. ஆறும் ஐரோப்பாவில் பிறந்த மொழிகள். சீனமும் அரபியும் இந்தியும் தமிழும் அந்தத் தராசில் ஏறவில்லை. உலகம் என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் ஐரோப்பாவைத்தான்.

தாயும் பிள்ளையும்

1914-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி பாரீசில் எஸ்பெராண்டோ உலக மாநாடு தொடங்குவதாக இருந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். போர் வந்தது. மாநாடு நின்றது. மாநாட்டுக்குப் புறப்பட்ட ஸாமென்ஹாப் ஜெர்மனியோடு திரும்பிப்போக நேர்ந்தது. மறுநாள் சாலையில் கூத்துரா மாண்டார். ஒரே போர் இருவர் வழியையும் இரண்டே நாளில் மறித்தது.

ஸாமென்ஹாப் 1917-ம் ஆண்டில், போர் முடியுமுன்பே காலமானார். கூத்துரா போனபின் ‘ப்ரோக்ரெஸோ’ நின்றது. இடோ இயக்கம் தளர்ந்தது. 1928-ம் ஆண்டில் யெஸ்பர்ஸன் ‘நோவியல்’ என்று இன்னொரு மொழியை உண்டாக்கிக்கொண்டு போனார். என்றாலும் இடோ சாகவில்லை. சிறு கூட்டம் ஒன்று இன்றும் அதில் எழுதுகிறது, பேசுகிறது. இன்டர்நெட்டில் இடோ மொழியிலேயே ஒரு கலைக்களஞ்சியமும் இருக்கிறது. எஸ்பெராண்டோவைப் பேசுகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

போன வழியே திரும்பி வர முடிய வேண்டும் என்று கூத்துரா சொற்களுக்கு விதி செய்தார். சொற்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டன. மனிதர்களிடம் அது நடக்கவில்லை. கை தவறிப் போன கடிதம் திரும்பி வரவில்லை. முறிந்த நட்பும் திரும்பி வரவில்லை. நல்ல சொற்களை அறிவால் உண்டாக்கிவிடலாம். ஒருவரை ஒருவர் நம்புவதற்கு, மறைக்காமல் பேசுகிற மனமும் வேண்டும்.

ஆனால் அந்தச் சிறிய சொல் மட்டும் இன்னும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டு கூட்டமும் எவ்வளவோ சண்டை போட்டுக்கொண்டன. இரண்டு அகராதிகளையும் புரட்டிப் பாருங்கள். இரண்டிலும் ‘இடோ’ இருக்கிறது. இரண்டிலும் அதற்குப் பொருள் வழித்தோன்றல் என்பதே!